ஊருக்கு இரண்டு பெயர்

நம் வீடுகளில் ஒரே குழந்தைக்கு இரண்டு பெயர் இருப்பது சகஜம். பள்ளிக்கூட ரிஜிஸ்தரில் 'ராஜராஜேசுவரி' என்று இருக்கும். வீட்டில் 'அம்மாளு' என்று கூப்பிடுவார்கள். புதிதாக வந்த தபால்காரர் வாசலில் நின்று முழுப் பெயரையும் நீட்டி முழக்கினால், அம்மாளுவே ஒரு நிமிஷம் 'யாரைக் கேட்கிறார்?' என்று விழிப்பாள். இரண்டு பெயரும் அவளுடையவைதான். ஆனால் அவள் சட்டென்று திரும்பிப் பார்ப்பது ஒன்றுக்குத்தானே?

ஊர்களிலும் இப்படி உண்டு. ஜெர்மனியின் கிழக்குக் கோடியில், போலந்து, செக் நாடுகளின் எல்லையை ஒட்டி, லௌஸிட்ஸ் என்று ஒரு பிரதேசம் இருக்கிறது. அங்கே பவுட்சன் என்பது ஒரு பழைய நகரம். பெயர்ப் பலகையில் அந்தப் பெயரோடு 'புதிஷின்' என்றும் எழுதியிருக்கும். கொட்புஸ் நகரத்தில் இறங்கினால் 'ஹொஷெபுஸ்' என்ற பெயரையும் பார்ப்பீர்கள். முதல் பெயர் ஜெர்மன். இரண்டாவது சோர்பியம்.

'சோர்பியர்களா? யார் அவர்கள்?' என்று நீங்கள் கேட்பது நியாயமே. அவர்கள் ஸ்லாவிய இனத்தார். போலிஷ், செக் பாஷைகளுக்கு அவர்கள் பாஷை ஒன்றுவிட்ட சகோதரி. ஆயிரம் வருஷங்களுக்கு மேலாக அந்த மண்ணில் இருக்கிறார்கள். சுற்றிலும் ஜெர்மன் கடல். நடுவில் இவர்கள் ஒரு தீவு. தங்களை இவர்கள் 'செர்ப்யா' என்று சொல்லிக் கொள்வதால், தெற்கே உள்ள செர்பிய நாட்டாரோடு குழப்பிக் கொள்ள வேண்டாம். அவர்கள் வேறு, இவர்கள் வேறு.

இன்று இவர்களின் தொகை சுமார் 60,000 என்று சொல்வது வழக்கம். அவர்களிலும் பாஷையைத் தினசரி பேசுகிறவர்கள் மிகவும் குறைவு. அந்தச் சிறு கூட்டத்துக்குள்ளும் இரண்டு எழுத்து மொழிகள்! சாக்ஸனி மாநிலத்தில் பேசுவது மேல் சோர்பியம். பிராண்டன்புர்க் மாநிலத்தில் பேசுவது கீழ் சோர்பியம். கீழ் சோர்பியத்தின் நிலைதான் அதிகக் கவலைக்கிடம்.

இருக்கட்டும். இவர்களுக்கும் நம் கைபேசிக்கும் என்ன சம்பந்தம்? அதைத்தான் இந்த வாரம் சொல்லப் போகிறேன்.

* * *

இந்தக் காலத்தில் வழி கேட்க யாரும் மூலைக் கடைக்காரரிடம் போவதில்லை. கைபேசியில் ஊர்ப் படத்தைத் திறந்து, போக வேண்டிய இடத்தின் பெயரைத் தட்டினால் போதும். 'இடப்பக்கம் திரும்பு, வலப்பக்கம் திரும்பு' என்று அது அழைத்துக் கொண்டு போகிறது. மிகவும் சௌகரியம். ஆனால் அந்தப் படத்தில் ஊர்ப் பெயரை எந்தப் பாஷையில் எழுதுவது என்று முடிவு செய்கிறவர் யார்? யாரோ ஓர் இஞ்சினீயர், எங்கோ ஓர் அறையில் உட்கார்ந்து எழுதிய நாலு வரி நிரலிதான்!

அது எப்படி என்று சற்று விவரமாகப் பார்க்கலாம். 'ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்' என்று ஓர் உலகப் படம் இருக்கிறது. 2004-இல் இங்கிலாந்தில் ஆரம்பமானது. எந்தக் கம்பெனிக்கும் சொந்தமில்லை. லட்சக்கணக்கான தொண்டர்கள் தங்கள் தங்கள் ஊரைத் தாங்களே வரைந்து சேர்க்கிறார்கள். பல கைபேசிச் செயலிகள் இந்தப் படத்தை எடுத்துத்தான் நமக்குக் காட்டுகின்றன.

இந்தப் படத்தின் ஏட்டில் ஒவ்வொரு ஊருக்கும் ஒரு சீட்டு உண்டு என்று வைத்துக் கொள்ளுங்கள். சீட்டின் முதல் வரியில், ஊரில் கண்ணுக்குத் தெரிகிற பொதுப் பெயர். அதற்குக் கீழே பாஷைக்கு ஒரு வரி. ஒவ்வொரு பாஷைக்கும் ஒரு சுருக்கக் குறி. ஜெர்மனுக்கு 'டி-ஈ'. மேல் சோர்பியத்துக்கு 'ஹெச்-எஸ்-பி'. கீழ் சோர்பியத்துக்கு 'டி-எஸ்-பி'. பவுட்சன் ஊரின் சீட்டில் ஹெச்-எஸ்-பி வரியில் 'புதிஷின்' என்று எழுதி வைத்துவிட்டால் ஏட்டின் வேலை முடிந்தது. இதற்குச் சர்க்கார் உத்தரவு வேண்டாம். ஊர்க்காரர் ஒருவருக்கு அக்கறை இருந்தால் போதும்.

'அப்படியானால் காரியம் முடிந்ததே!' என்கிறீர்களா? அங்கேதான் சிக்கல். ஏட்டில் இருப்பது வேறு. கண்ணாடியில் தெரிவது வேறு. செயலி செய்கிறவர்கள் அந்த ஏட்டைச் சுருக்கிக் கைபேசிக்குள் அடைக்கும்போது, எல்லாப் பாஷை வரிகளையும் எடுத்துக் கொள்வதில்லை. எடுத்துக் கொள்ள வேண்டிய பாஷைகளுக்கு ஒரு ஜாபிதா வைத்திருப்பார்கள். ஜாபிதாவில் இல்லாத பாஷை ஏட்டிலேயே தங்கிவிடும்; உங்கள் கைக்கு வராது.

நம் சமையலறை அஞ்சறைப் பெட்டியை நினைத்துக் கொள்ளுங்கள். கடுகு, உளுத்தம்பருப்பு, மிளகு, சீரகம், வெந்தயம் என்று அறைகள் நிரம்பிவிட்டன. பிறகு ஒருத்தி சோம்பு கொண்டு வந்தால் எங்கே போடுவது? கைபேசிப் படத்திலும் இதே கதைதான். ஒவ்வொரு பாஷைக்கும் ஓர் எண் கொடுக்கிறார்கள். இடத்தை மிச்சம் பிடிக்க, அந்த எண்ணுக்கு ஆறே ஆறு 'பிட்' ஒதுக்குகிறவர்கள் உண்டு. ஒரு பிட் என்பது ஒரு விளக்கு ஸ்விட்ச் மாதிரி. போடலாம், அணைக்கலாம், அவ்வளவுதான். ஆறு ஸ்விட்சுகளைப் போட்டும் அணைத்தும் மொத்தம் 64 விதமாக வைக்கலாம். ஆகவே பெட்டியில் 64 அறைகள். உலகத்திலோ ஆறாயிரம், ஏழாயிரம் பாஷைகள்! 65-ஆவது பாஷை வாசலில் வந்து நின்றால், ஒன்று, உள்ளே இருப்பதில் ஒன்றை வெளியேற்ற வேண்டும். அல்லது பெட்டியையே மாற்ற வேண்டும். பெட்டியை மாற்றினால் பழைய படங்களும் பழைய செயலியும் ஒன்றையொன்று புரிந்து கொள்ளாமல் போகக்கூடும். அதனால்தான் தயங்குகிறார்கள்.

இதில் யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. சோர்பியர்மேல் அந்த இஞ்சினீயருக்கு என்ன விரோதம்? பெட்டி செய்தபோது 64 தாராளம் என்று நினைத்திருப்பார். ஆனால் ஒரு சிறு பாஷை ஒதுக்கப்படுவதற்கு விரோதம் வேண்டியதில்லை; ஞாபகம் வராமல் இருந்தாலே போதும்.

* * *

விரோதத்தால் ஒதுக்கிய காலமும் உண்டு. ஹிட்லர் ஆட்சியில், லௌஸிட்ஸில் ஸ்லாவிய வாடை வீசிய ஊர்ப் பெயர்களைப் பிடிக்காமல் மாற்றினார்கள். ஹோர்க்கா என்ற ஊர் 1936-இல் 'வேர்கிர்ஷ்' ஆயிற்று. சோர்பியர்களின் பொதுச் சங்கமான 'தொமொவினா' 1912-இல் ஏற்பட்டது. அதை 1937-இல் தடை செய்தார்கள். யுத்தம் முடிந்த பின் ஹோர்க்காவுக்குப் பழைய பெயர் திரும்பியது. தொமொவினாவும் மறுபடி எழுந்தது. 1948-இல் சாக்ஸனியில் சோர்பியரின் உரிமைகளைக் காக்கச் சட்டமே வந்தது.

பிறகு வந்தது நிலக்கரி. லௌஸிட்ஸ் பூமிக்கு அடியில் பழுப்பு நிலக்கரி படுத்திருக்கிறது. அதை வெட்டி எடுக்க, நூற்றுக்கு மேற்பட்ட கிராமங்களை முழுவதுமாகவோ பாதியாகவோ அப்புறப்படுத்தினார்கள். ஹோர்னோ என்ற கிராமத்தைச் சோர்பியர் 'ரொகொவ்' என்பார்கள். அந்த ஜனங்கள் வருஷக்கணக்காகப் போராடிப் பார்த்தார்கள். பயனில்லை. 2004-இல் ஊர்க் கோயிலையும் இடித்தார்கள். ஃபோர்ஸ்ட் நகரத்தை ஒட்டி அவர்களுக்குப் புது வீடுகள் கட்டிக் கொடுத்தார்கள். மறைந்த ஊர்களின் நினைவுகளைச் சேர்த்து வைக்க அங்கே ஒரு காப்பகம் கூட இருக்கிறது. ஊர் போய், ஊரின் பெயரை அலமாரியில் வைத்துக் காப்பாற்றுகிறார்கள் என்றால், பெயர் எவ்வளவு பெரிய சொத்து என்று யோசித்துப் பாருங்கள்.

இன்னொரு கணக்கும் சொல்கிறேன். 1880-களில் ஆர்னொஷ்ட் முகா என்ற அறிஞர் ஊர் ஊராகப் போய், எந்தக் கிராமத்தில் எத்தனை சோர்பியர் என்று கணக்கெடுத்தார். அவருக்குக் கிடைத்த தொகை சுமார் 1,66,000. இன்றைய 60,000-ஐ அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு பாஷை ஒரே நாளில் செத்துப் போவதில்லை. ஒரு தாய், 'நாம்தான் கஷ்டப்பட்டோம், குழந்தையாவது ஜெர்மன் பேசிப் பிழைத்துக் கொள்ளட்டும்' என்று நினைக்கிறாள். தொட்டிலருகே தன் பாஷையைப் பேசாமல் இருந்துவிடுகிறாள். அவளைக் குறை சொல்ல நாம் யார்? ஆனால் அப்படி ஆயிரம் தொட்டில்கள் மௌனமாகிவிட்டால் பாஷை எங்கே போய் நிற்கும்?

* * *

இதற்குப் பரிகாரமும் பெண்கள் கையிலிருந்துதான் பெரும்பாலும் வந்திருக்கிறது. நாஜிகள் காலத்தில் எழுத்துத் தொழில் மறுக்கப்பட்டும் கீழ் சோர்பியத்தைக் கைவிடாத கவி மீனா வித்கொயிட்ஸ் (1893-1975) ஒரு பெண். முதல் சோர்பிய ஆசிரியை என்று போற்றப்படும் நாவலாசிரியை மார்யா குபாஷெட்ஸ் (1890-1976) இன்னொரு பெண்.

1998-இல் கொட்புஸ் நகரத்தைச் சேர்ந்த ஸீலோவில் ஒரு குழந்தைகள் பள்ளி, 'விதாய்' என்ற முறையை ஆரம்பித்தது. விதாய் என்றால் 'நல்வரவு'. பிரான்ஸில் பிரெத்தோன் பாஷைக்காரர்கள் நடத்தும் 'தீவான்' பள்ளிகளைப் பார்த்துக் கற்றுக் கொண்ட வழி இது. இலக்கணப் புத்தகம் கிடையாது. ஆயாவும் ஆசிரியையும் காலை முதல் குழந்தையோடு சோர்பியத்திலேயே பேசுவார்கள். சாப்பாடு, விளையாட்டு, தூக்கம் எல்லாம் அந்தப் பாஷையில்தான். குழந்தை தண்ணீர் குடிப்பது போல் அதைக் கற்றுக் கொள்கிறது. வீட்டில் அம்மாவுக்குத் தெரியாத பாஷையில் பாட்டியோடு பேசுகிறது!

அந்தக் குழந்தை தன் ஊரை 'ஹொஷெபுஸ்' என்று சொல்லக் கற்கிறது. ஒரு நாள் அம்மாவின் கைபேசியில் ஊர்ப் படத்தைத் திறக்கிறது. படம் முழுவதும் ஜெர்மன். தன் பள்ளிக்கூடத்தில் சொன்ன பெயரைத் தட்டினால், 'அப்படி ஓர் இடமே இல்லை' என்று பதில் வருகிறது. ஐந்து வயதுக் குழந்தைக்கு நாம் என்ன சமாதானம் சொல்ல முடியும்? ஆசிரியை சொன்னது விளையாட்டுப் பெயர், நிஜப் பெயர் கைபேசியில் இருப்பது என்றுதானே அது நினைத்துக் கொள்ளும்? வருஷக்கணக்கில் பள்ளி கட்டியதை ஒரு கண்ணாடித் துண்டு கலைத்துவிடக் கூடாது அல்லவா?

'சோர்பியர் எல்லோருக்கும் ஜெர்மன் தெரியுமே! வழி கண்டுபிடிக்க அது போதாதா?' என்று கேட்கிறவர்கள் உண்டு. போதும்தான். வழி கண்டுபிடிக்க மட்டும் என்றால் ஊருக்குப் பெயரே வேண்டாம், நம்பர் போதும்! பெயரில் அந்த மண்ணின் சரித்திரம் இருக்கிறது. படகுச் சவாரிக்குப் பெயர் போன ஒரு பிரதேசத்தை ஜெர்மானியர் 'ஷ்பிரேவால்ட்' என்கிறார்கள். ஷ்பிரே நதியின் காடு என்று அர்த்தம். சோர்பியரோ அதையே 'சதுப்பு நிலம்' என்று பொருள்படும் சொல்லால் அழைக்கிறார்கள். ஒருவர் மரத்தைப் பார்த்தார். இன்னொருவர் காலடியில் ஈரத்தைப் பார்த்தார். இரண்டும் வேண்டும்.

அந்த ஷ்பிரேவால்ட் வெள்ளரிக்காய் ஊறுகாய் நம் மாவடு மாதிரி பிரசித்தம். வேறு இடத்தில் போட்ட ஊறுகாய்க்கு அந்தப் பெயரை வைக்கக் கூடாது என்று 1999 முதல் ஐரோப்பியச் சட்டப் பாதுகாப்பே உண்டு. ஊறுகாயின் பெயருக்கு இவ்வளவு கவனம் என்றால், அதைப் போடுகிறவர்களின் ஊர்ப் பெயருக்கு ஒரு வரி கொடுத்தால் குடி முழுகிப் போய்விடுமா?

* * *

சரி, செயலி செய்கிறவர்கள் மனம் வைத்தால் என்னென்ன செய்ய வேண்டும்? கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். பெரிய காரியம் ஒன்றும் இல்லை. சின்னச் சின்னக் காரியங்கள்தான் நிறைய.

முதலாவது, ஜாபிதாவில் இரண்டு சோர்பியங்களுக்கும் தனித் தனி அறை. மேல் சோர்பியம் இருக்கிறதே, கீழ் சோர்பியம் எதற்கு என்று சேர்த்துக் கட்டக் கூடாது. எழுத்துக்களிலேயே வித்தியாசம் உண்டு.

இரண்டாவது, ஒரு சிற்றூரின் சீட்டில் சோர்பிய வரி காலியாக இருந்தால் என்ன செய்வது? உடனே இங்கிலீஷுக்குத் தாவுகிற செயலிகள் இருக்கின்றன. அது அசட்டுத்தனம். மேல் சோர்பியம் இல்லாவிட்டால் ஜெர்மன் என்று ஒரு வரிசை வைக்க வேண்டும். அந்த ஜனங்களுக்கு அடுத்துத் தெரிந்த பாஷை அதுதானே?

மூன்றாவது, தேடுதல். புதிஷின் என்ற பெயரில் வரும் 'ஷ' ஒலிக்கு அவர்கள் எழுத்தின் தலையில் ஒரு சின்னக் கொக்கி உண்டு. அவசரத்தில் கொக்கி இல்லாமல் தட்டினாலும் ஊர் கிடைக்க வேண்டும். கம்ப்யூட்டர் கொக்கியைத் தனியே கழற்றிவிட்டுப் பார்க்கத் தெரிந்தது. ஆனால் குறுக்குக் கோடு போட்ட 'எல்' என்று ஓர் எழுத்து இருக்கிறது. அந்தக் கோடு மட்டும் கொக்கி மாதிரி கழன்று வராது. அதற்குத் தனியாகச் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

நான்காவது, குரல். அந்தக் கோடு போட்ட எழுத்தை மேல் சோர்பியர் 'வ' என்று உச்சரிக்கிறார்கள். வைஸ்வாஸர் என்ற ஊருக்குச் சோர்பியப் பெயர் 'பியெவா வொதா'. இரண்டுக்கும் அர்த்தம் வெள்ளைத் தண்ணீர்தான். ஜெர்மன் குரலிடம் சோர்பியப் பெயரைக் கொடுத்தால், அது 'வா'வை 'லா' ஆக்கிவிடும். நம் 'ழ'கரம் வேற்றூர்க்காரர் வாயில் படும் பாடு உங்களுக்குத் தெரியாததா?

ஐந்தாவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. தமிழில் '1 நிமிஷம்', '2 நிமிஷங்கள்' என்றால் அத்தோடு தீர்ந்தது. சோர்பியத்தில் அப்படியில்லை. சம்ஸ்கிருதம் படித்தவர்களுக்கு ஏகவசனம், த்விவசனம், பகுவசனம் என்று மூன்று இருப்பது தெரியும். இரண்டுக்கென்றே தனி உருவம் கொண்ட அந்தத் த்விவசனம், ஐரோப்பாவில் இன்றும் பேச்சில் இருக்கும் மிகச் சில பாஷைகளில் சோர்பியம் ஒன்று. மேல் சோர்பியத்தில் ஒரு நிமிஷம் 'மினுட்டா'. இரண்டு என்றால் 'மினுச்சே'. மூன்றும் நான்கும் 'மினுட்டி'. ஐந்திலிருந்து 'மினுட்டொவ்'! 'இன்னும் இத்தனை நிமிஷத்தில் வீடு வந்து சேரும்' என்று கைபேசி சொல்ல வேண்டுமானால், இந்த நாலு உருவத்தையும் அது கற்றுக் கொண்டாக வேண்டும். கணவன் மனைவி, கண் இரண்டு, கை இரண்டு என்று ஜோடிகளுக்காக இலக்கணத்தில் தனி நாற்காலி போட்டு வைத்திருக்கும் பாஷை அழிந்தால், அந்த அழகும் அதோடு போகும்.

இதெல்லாம் நடக்கக் கூடியதா என்று சந்தேகம் வேண்டாம். இணையப் பக்கங்களைப் பார்க்க உதவும் 'ஃபயர்ஃபாக்ஸ்' இரண்டு சோர்பியங்களிலும் கிடைக்கிறது. கைவிரல் விட்டு எண்ணக் கூடிய சிலர் உட்கார்ந்து மொழிபெயர்த்தால் போதும் என்பதற்கு அது அத்தாட்சி. சிறு பாஷைக்காரர் பெரிய பதவிக்கு வர முடியாது என்பதும் இல்லை. ஸ்டானிஸ்லாவ் தில்லிஷ் என்ற சோர்பியர் 2008 முதல் 2017 வரை சாக்ஸனி மாநிலத்தின் முதல்வராகவே இருந்தார்.

* * *

கடைசியாக நம் வீட்டுக்கும் ஒரு வார்த்தை. அந்த உலக ஏட்டில் தமிழுக்கும் ஒரு வரி இருக்கிறது. 'டி-ஏ' என்று குறி. திருச்சிராப்பள்ளியை 'டிரிச்சினாப்பொலி' என்றும், தூத்துக்குடியை 'டூட்டிகொரின்' என்றும் எழுதிய காலத்தை நம் பெரியவர்கள் பார்த்திருக்கிறார்கள். கோடிக்கணக்கானவர் பேசும் பாஷைக்கே அந்தக் கதி நேர்ந்ததென்றால், 60,000 பேரின் பாடு எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. இன்று சாயந்திரம் ஓய்வாக இருக்கும்போது உங்கள் தெருவும், பக்கத்துக் குளமும், பிறந்த ஊரும் அந்தப் படத்தில் தமிழில் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லாவிட்டால் வீட்டில் உள்ள காலேஜ் பிள்ளையை விட்டு எழுதச் சொல்லுங்கள். காசு செலவில்லை, ஐந்து நிமிஷ வேலை.

ஆனால் ஒரு நியமம் உண்டு. இடித்துவிட்ட ஊரை அந்தப் படத்தில் வரைவதில்லை. இன்று பூமியில் இருப்பதைத்தான் வரைவார்கள். ரொகொவ் கிராமத்துக்கு இனிமேல் அதில் இடமில்லை. புதிஷினுக்கும் ஹொஷெபுஸுக்கும் இருக்கிறது. அந்த ஊர்களின் குழந்தைகள் பெயரைத் தட்டும்போது, 'இதோ இருக்கிறது உன் ஊர்' என்று படம் பதில் சொல்ல வேண்டும். பேர் சொல்லப் பிள்ளை வேண்டும் என்று நாம் ஆசைப்படுகிறோம். ஊருக்கும் அந்த ஆசை இருக்காதா?